கோதுமை வளர்த்த கபிரியேல் அம்மையார்

நாம் சோறு உண்டு வளர்ந்தவர்கள். கோதுமை என்றதும் நமக்கு நினைவில் வருவன ஞாயிற்றுக்கிழமைப் பூரியும், விடுதியில் இரவு நேரத்தில் தட்டில் விழும் சப்பாத்தியும், காய்ச்சல் கண்ட நாளில் அம்மா காய்ச்சித் தரும் கோதுமைக் கஞ்சியுந்தாம். அது எந்த மாதத்தில் விதைக்கப்படுகிறது, எந்த மாதத்தில் அறுவடையாகிறது என்று யாராவது நம்மைக் கேட்டால் பெரும்பாலோர் விழிக்க வேண்டியதுதான். நெல்லுக்குத் தண்ணீர் எப்படியோ, கோதுமைக்குக் குளிர் அப்படி. வட இந்தியச் சமவெளியில் மழைக்காலம் ஓய்ந்து, மண் சற்றே குளிர்ந்ததும், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் அதை விதைப்பார்கள். மார்கழி, தை மாதப் பனியில் அது தூர் கட்டும். மாசியில் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும். பங்குனியில் மேற்கிலிருந்து வெப்பக் காற்று கிளம்பும். அந்தக் காற்று வீசுமுன் மணி முற்றிவிட்டால் விவசாயிக்குக் களம் நிறையும். பால் பிடிக்கும் பருவத்திலேயே காற்று வந்துவிட்டாலோ மணி சுருங்கிச் சாவியாகிவிடும். நான்கு மாத உழைப்பு சில நாள் வெயிலில் போய்விடும்.

இந்தச் சில நாட்களை வெல்வதற்காகத் தம் அறிவையும் ஆயுளையும் செலவிட்ட ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்த ஆண்டு எழுத எண்ணினோம். அவர் பெயர் கபிரியேல் ஹோவர்ட். வானதூதரின் பெயர் என்பதால் நம் பள்ளியில் யாருக்கும் அந்தப் பெயர் புதிதன்று. அவரது வரலாறுதான் புதிது. அவருடைய கணவர் சர் ஆல்பர்ட் ஹோவர்டை இயற்கை வேளாண்மையின் தந்தை என்று உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் மனைவியின் பெயர் பின்னுக்குப் போய்விட்டது. நமக்கு இதில் சிறிது வருத்தம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

கபிரியேல் மத்தாய் 1876ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மானிய வழியில் வந்த வணிகர். பெண்களுக்கு உயர்ந்த கல்வி தருவதில் அக்காலத்தில் முன்னணியில் நின்ற வட இலண்டன் கல்லூரிப் பள்ளியில் படித்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்று, பெண்களுக்கென்றே ஏற்பட்டிருந்த நியூனம் கல்லூரியில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். தேர்வுகளில் முதல் வகுப்பும் பெற்றார். ஆனால் பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அன்று பெண்களைத் தேர்வு எழுத அனுமதித்தது; பட்டம் தர மறுத்தது. 1897இல் பெண்களுக்கும் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, ஆண் மாணவர்கள் சைக்கிளில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவ பொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். பெண்கள் பக்கம் பெருந்தோல்வி. அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல்தான். அதைக் காணக் கபிரியேல் உயிரோடு இல்லை.

பட்டம் இல்லாவிட்டாலும் படிப்பு இருந்தது. எஃப்.எஃப். பிளாக்மன் என்ற தாவர நூல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆராய்ச்சியில் இறங்கினார். இலைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று, ஒளியின் துணையால் உணவு சமைக்கின்றன என்பது நாம் பாடத்தில் படித்ததுதான். அந்தச் சமையல் வெப்பத்துக்கு ஏற்ப எப்படி மாறுகிறது? கபிரியேல் எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. கேட்பதற்கு எளியது, செய்து பார்ப்பதற்குக் கடினமானது. ஓர் இலையைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, ஒளியை மாறாமல் நிறுத்தி, வெப்பத்தை ஒரே அளவில் காத்து, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் உள்ள கரியமில வாயுவை மணிக்கணக்கில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒளி பட்ட இலை சுற்றியுள்ள காற்றை விடச் சூடாகும் என்பதால், காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் கணக்குத் தவறிவிடும். எனவே இலையின் வெப்பத்தையே தனியாக அளந்தார்.

கிடைத்த விடை வியப்பானது. வெப்பம் ஏற ஏற இலையின் வேலையும் ஏறியது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் போனதும், தொடக்கத்தில் வேகமாக வேலை செய்த இலை நேரம் ஆக ஆகத் தளர்ந்தது. வெப்பம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு விரைவில் தளர்ந்தது. ஆகவே செடிக்கு எவ்வளவு சூடு என்று கேட்டால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்றும் கேட்க வேண்டும். 1904இல் அவர் பெயரிலேயே வெளிவந்த இந்த ஆய்வுக் கட்டுரை, ஒளிச்சேர்க்கை பற்றிய நூல்களில் நூறாண்டுக்குப் பிறகும் குறிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டு பிளாக்மனும் அவரும் சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளி, வெப்பம், கரியமில வாயு ஆகியவற்றுள் எது குறைவாக உள்ளதோ அதுவே செடியின் வேலைக்கு எல்லை வகுக்கிறது என்று பிளாக்மன் வகுத்த விதிக்கு இந்த அளவீடுகளே பெருந்துணையாக அமைந்தன.

இப்படிப்பட்ட ஒருவர் கேம்பிரிட்ஜிலேயே இருந்திருந்தால் என்னவாகி இருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஆனால் 1905இல் அவர் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் ஆல்பர்ட் ஹோவர்டுக்கும் அவருக்கும் திருமணம் நடந்தது. ஆல்பர்ட் இங்கிலாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர். இந்திய அரசாங்கம் பீகாரில் புதிதாகத் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பொருளாதாரத் தாவர நூலறிஞர் என்னும் பதவி அவருக்குக் கிடைத்திருந்தது. புதுமணத் தம்பதியர் நேரே அங்குச் சென்றனர்.

அந்த இடத்தின் பெயர் பூசா. பூர்ஹி கண்டக் என்னும் ஆறு வளைந்து ஓடும் ஒரு மடிப்பில் உள்ள ஊர். ஒரு காலத்தில் அரசாங்கம் அங்கே குதிரை வளர்த்தது. பிறகு புகையிலை பயிரிட்டார்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் இந்தியாவுக்காக அளித்த நன்கொடையைக் கொண்டு, கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், அங்கே பெரிய ஆராய்ச்சிக் கட்டடம் எழும்பியது. கட்டடத்தை விட ஹோவர்ட் தம்பதியர் விரும்பியது நிலத்தையே. 75 ஏக்கர் கிடைத்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து அறிவுரை எழுதி அனுப்புவதை விட்டு, முதலில் தாமே பயிர் செய்து கற்றுக்கொள்வதென்று இருவரும் முடிவு செய்தார்கள். சுற்றுப்புறத்து விவசாயிகளையே தமக்கு ஆசிரியர்களாகக் கொண்டார்கள். ஆட்சி செய்ய வந்த இனத்தார் அன்று அப்படி நினைப்பது அரிது.

முதலில் அவர்கள் கையில் எடுத்த பயிர்களுள் தலையாயது கோதுமை. அன்று இந்தியாவில் ஒரு வயலில் ஒரே வகைக் கோதுமை விளைந்தது என்று சொல்ல முடியாது. உயரமானதும் குட்டையானதும், மீசை உள்ளதும் இல்லாததும், முன்னே முற்றுவதும் பின்னே முற்றுவதும் எல்லாம் ஒன்றாகக் கலந்து நிற்கும். விவசாயி அவை அனைத்தையும் ஒரே நாளில் அறுத்தாக வேண்டும். முந்தியது உதிரும், பிந்தியது சுருங்கும். ஹோவர்ட் தம்பதியர் நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் கோதுமையைத் திரட்டினார்கள். ஒவ்வொரு கதிரின் விதையையும் தனித்தனி வரிசையில் விதைத்து, ஒரே செடியின் வழிவந்த தூய குலங்களைப் பிரித்தார்கள். பஞ்சாபில் மட்டும் 25 வகைகளை இனம் கண்டு விவரித்தார்கள். 1909இல் இருவர் பெயரிலும் 'இந்தியாவில் கோதுமை' என்ற பெரிய நூல் வெளிவந்தது. இந்நாட்டுக் கோதுமையைப் பற்றி விஞ்ஞான முறையில் எழுந்த முதல் பெரும் நூல் அது என்றே சொல்லலாம்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று நம் மாணவியர் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். பனி விலகாத காலையில் வயலுக்குச் சென்று, வரிசை வரிசையாகக் குனிந்து, எந்தச் செடி எந்த நாளில் கதிர் வாங்கியது, தண்டு சாய்கிறதா நிற்கிறதா, இலையில் துரு நோயின் மஞ்சள் பொடி தெரிகிறதா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். கலப்பினம் செய்ய வேண்டுமானால் இன்னும் நுணுக்கம். கோதுமைப் பூ தன் மகரந்தத்தைத் தானே பயன்படுத்திக்கொள்ளும் பூ. அது முதிருமுன் உமியை மெல்ல விலக்கி, உள்ளே இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் சிறு இடுக்கியால் ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, கதிரை உறையால் மூட வேண்டும். சில நாள் கழித்து வேறொரு வகையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும். பூந்தையலில் பழகிய விரல்களுக்கு இது கைவரலாம், பொறுமை வேண்டும். அன்றியும், கோதுமைப் பூக்கள் எப்போதும் தம் மகரந்தத்தையே ஏற்கும் என்று எண்ணப்பட்டு வந்தது. இந்தியத் தட்பவெப்பத்தில் சிற்சில பூக்கள் அயல் மகரந்தத்தையும் ஏற்றுவிடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். தூய விதையைத் தூயதாகவே காப்பது எத்தனை கடினம் என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்த ஆண்டுகளில் எல்லாம் கபிரியேல் அம்மையாருக்குப் பதவி எதுவும் இல்லை என்பதைச் சொன்னால் நம்புவது கடினம். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியாளராக இருந்தவர், புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர், பூசாவில் வெறும் அதிகாரியின் மனைவி. நூல்களில் அவர் பெயர் அச்சாயிற்று; ஊதியப் பட்டியலில் இல்லை. 1910இல்தான் கணவருக்குத் தனி உதவியாளர் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். 1913இல் இரண்டாவது பொருளாதாரத் தாவர நூலறிஞர் என்னும் பதவி வந்தது. இந்தியாவில் இத்தகைய விவசாய ஆராய்ச்சிப் பதவியில் ஒரு பெண்மணி அமர்வது அன்று எண்ணிப் பார்க்க முடியாத செய்தி. அவ்வாண்டே கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. பதக்கம் தருவதற்கு எட்டு ஆண்டு போதும் என்று கண்ட அரசாங்கம், வேலை தருவதற்கு ஏன் ஐந்து ஆண்டு யோசித்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி வெயிலுக்கு வருவோம். பஞ்சாபில் குளிர்காலம் நீளமானது. கோதுமை நிதானமாக வளர்ந்து முற்றும். கிழக்கே பீகாருக்கு வர வர அந்தக் காலம் குறுகிக்கொண்டே போகும். தெற்கே மத்திய இந்தியாவிலும் அப்படியே. ஆகவே கிழக்கே நல்ல மகசூல் காண வேண்டுமானால், கோதுமை ஒன்று முன்னதாக விதைக்கப்பட வேண்டும், அல்லது விரைவாக முற்ற வேண்டும். முன்னதாக விதைப்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் புரட்டாசிக் கடைசியில் மண் இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் முளைத்த பயிர் அவசரப்பட்டு மேலே எழும், தூர் கட்டாது, உரிய காலத்துக்கு முன்னே கதிர் வாங்கிவிடும். கரையானும் அரிக்கும். காத்திருந்து கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். பங்குனி வெயில் வந்து மணியைச் சுட்டுவிடும். முன்னே போனாலும் வெயில், பின்னே போனாலும் வெயில். நடுவே உள்ள குளிர்ந்த நாட்கள்தாம் கோதுமையின் சொத்து. அந்த நாட்களுக்குள் பயிரை அடக்குவதே பூசாவின் வேலையாயிற்று.

கேம்பிரிட்ஜ் கண்ணாடி அறையில் சூட்டையும் நேரத்தையும் சேர்த்து எண்ணப் பழகிய கண்களுக்கு இந்த வயல்கள் புதிராக இருந்திருக்க மாட்டா என்று நாம் நினைக்கிறோம். வெப்பம் மிகுந்தால் மணி பால் பிடிக்கும் நாட்கள் குறைகின்றன; நாட்கள் குறைந்தால் மணிக்குள் சேரும் மாவு குறைகிறது. ஒரே இலையில் அவர் கண்டது, இங்கே ஏக்கர் கணக்கில் நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் பிரித்த குலங்களுள் இரண்டு பெரும்புகழ் பெற்றன. ஒன்று பூசா 12. மற்றொன்று பூசா 4. பூசா 12 நல்ல மகசூல் தந்து கங்கைச் சமவெளியில் பரவியது. பூசா 4 முன்னதாக முற்றுவது. மணி பருத்துப் பளபளப்பாக இருக்கும். வெயில் ஏறுமுன் முற்றிவிடும் என்பதனால், குளிர்காலம் குறுகிய பகுதிகளில் அதை விரும்பி விதைத்தார்கள். வெளிநாட்டுத் தானியக் கண்காட்சிகளில் அதற்குப் பரிசுகளும் கிடைத்தன. இரண்டும் சேர்ந்து சில ஆண்டுகளில் பல இலட்சம் ஏக்கர்களில் பயிராயின. விதைக்குப் பணம் தவிர விவசாயிக்கு வேறு செலவு இல்லை. அவன் கலப்பையும் மாடும் அவனிடம் இருந்தன. நல்ல விதையைப் போல ஏழை விவசாயி எளிதில் ஏற்றுக்கொள்ளும் உதவி வேறொன்று இல்லை என்பதை ஹோவர்ட் தம்பதியர் கண்டிருந்தார்கள். ஆயினும் விதையோடு நிற்கவில்லை. கோடையில் நிலத்தை உழுது வெயிலில் காயவிட்டால் அடுத்த போகம் செழிக்கிறது என்றும், மழைநீர் வயலில் தேங்காமல் வடிந்தால் மண்ணுக்கு மூச்சு கிடைக்கிறது என்றும் காட்டினார்கள். பூசாவில் அவர்களுடைய கோதுமை பாசனம் இன்றியே, மழைக்காலம் மண்ணில் விட்டுச் சென்ற ஈரத்தைக் கொண்டே விளைந்தது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காலத்தில் இந்தியக் கோதுமை கராச்சித் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அதன் மாவு வலுவற்றது, ரொட்டி நன்றாக எழும்பாது என்று ஆங்கில ஆலைக்காரர்கள் குறை கூறி விலையைக் குறைத்தார்கள். ஹோவர்ட் தம்பதியர் தங்கள் கோதுமைகளை ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேய ஆலை நிபுணருக்கு அனுப்பி, அரைத்தும் சுட்டும் பார்க்கச் செய்தார்கள். நல்ல ரொட்டிக்கு ஏற்ற கோதுமை இந்திய மண்ணிலும் விளையும் என்றும், தரம் உயர்ந்தால் மகசூல் குறையும் என்ற எண்ணம் தவறு என்றும் தெளிவாயிற்று. இந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கம் காட்டிய ஆர்வத்தில் இங்கிலாந்தின் ரொட்டிக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அதே விதை பீகார் விவசாயியின் வீட்டு அடுப்பையும் எட்டியது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

கோடையில் பூசாவில் கோதுமை வேலை இல்லை. சில ஆண்டுகள் அந்த மாதங்களில் இருவரும் பலுசிஸ்தானத்திலுள்ள குவெட்டா என்னும் மலைப்பிரதேசத்துக்குச் சென்று அங்கிருந்த பழத்தோட்ட ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார்கள். மென்மையான பழங்கள் இரயிலில் நசுங்காமல் நெடுந்தூரம் செல்வதற்கு ஏற்ற பெட்டிகளை அமைத்தார்கள். முதல் உலகப் போரின்போது காய்கறிகளை வெயிலில் உலர்த்திப் பாதுகாக்கும் முறையைச் சோதித்தார்கள். தண்ணீர் அரிதான அந்த நிலத்திலும் கோதுமையை விடவில்லை. விதைக்குமுன் ஒருமுறை நன்றாக நீர் பாய்ச்சி, மேல்மண்ணைக் கிளறி ஈரத்தைக் காத்துக்கொண்டால், மீண்டும் மீண்டும் பாய்ச்சாமலே பயிர் விளையும் என்று நிலத்திலேயே செய்து காட்டினார்கள். புகையிலை, ஆளி, கடலை, அபினிச் செடி என்று அவர்கள் ஆராய்ந்த பயிர்களின் பட்டியல் நீளமானது. அவற்றை எல்லாம் விரிக்க இங்கே இடமில்லை.

1924இல் அவர்கள் பூசாவை விட்டு மத்திய இந்தியாவிலுள்ள இந்தூருக்குச் சென்றார்கள். ஒவ்வோர் அறிஞரும் பயிரின் ஒவ்வோர் அங்கத்தைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக ஆராய்வது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. விதை, வேர், மண், நீர், எரு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒரு நிலையத்தை அங்கே புதிதாக அமைத்தார்கள். பருத்தி வளர்ப்போரிடமிருந்து வந்த நிதியும் இந்தூர் சமஸ்தானத்தின் நிலமும் உதவின. குப்பையையும் சாணத்தையும் முறையாக மக்கவைத்து எருவாக்கும் இந்தூர் முறை அங்கேதான் உருவாயிற்று. இன்று நம் வீட்டுத் தோட்டங்களில் மக்கிய உரம் போடுகிற பலருக்கும் அதன் பெயர் தெரிந்திருக்கும். அந்த நிலையத்தைத் திட்டமிட்டதிலும் நடத்தியதிலும் அம்மையாருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. 1927இலும் 1929இலும் வெளிவந்த நூல்களில் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கின்றன.

அம்மையார் எந்தப் பகுதியைச் செய்தார், கணவர் எந்தப் பகுதியைச் செய்தார் என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் இயலாது. அவர்களே பிரிக்கவில்லை. தம் மனைவி தம் உதவியாளர் அல்லர், பணியில் பங்காளி என்று ஆல்பர்ட் ஹோவர்ட் கருதினார். பிரித்துப் பார்த்தது உலகந்தான். உயிரோடு நீண்ட காலம் இருந்தவரின் பெயர் நிலைத்தது.

1930ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்விட்சர்லாந்திலுள்ள ஜெனிவாவில் கபிரியேல் அம்மையார் புற்றுநோயால் காலமானார். வயது 53. ஆல்பர்ட் அடுத்த ஆண்டே இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அம்மையாரின் தங்கை லூயிஸ் பின்னர் அவருக்கு மனைவியானார். இந்தியாவில் அவர்கள் செய்த பணிகளைப் பற்றி 1953இல் ஒரு நூலும் எழுதினார். 1940இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற தம் வேளாண்மை நூலை ஆல்பர்ட், மறைந்த கபிரியேலின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

பூசாவின் கதையும் அத்துடன் முடியவில்லை. 1934இல் நேர்ந்த பீகார் நிலநடுக்கத்தில் அந்த ஆராய்ச்சிக் கட்டடம் இடிந்தது. 1936இல் நிலையம் டில்லிக்கு மாறியது. பெயரையும் உடன் எடுத்துச் சென்றது. டில்லியில் அந்த வட்டாரத்தைப் பூசா என்றே அழைக்கிறார்கள். நம் நீலகிரியில் வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் இந்த நிறுவனத்தைச் சேர்ந்ததே. டில்லியில் குளிர்காலத்தில் விளைந்த விதையைக் கோடையில் மலைக்குக் கொண்டுவந்து விதைத்து, ஓராண்டிலேயே இரண்டு தலைமுறை காண்கிறார்கள். நீலகிரிக்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவியருள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அம்மையார் காலத்துப் பங்குனி வெயிலோ இன்னும் கடுமையாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், 1901இல் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து இந்தியா காணாத வெப்பம் நிலவியது. பால் பிடித்து நின்ற கோதுமை வடமாநிலங்களில் சுருங்கிப் போயிற்று. மே மாதத்தில் அரசாங்கம் கோதுமை ஏற்றுமதியையே தடை செய்யும்படி ஆயிற்று.

விஞ்ஞானிகள் பழைய கேள்வியை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள்: முன்னதாக விதைத்தால் என்ன? அக்டோபர் மாதச் சூட்டில் விதைத்தால் பயிர் அவசரப்பட்டுக் கதிர் வாங்கிவிடுமே என்ற அதே தடை குறுக்கே நின்றது. இதற்கு ஒரு வழி கண்டார்கள். சில கோதுமைகளின் மரபில், குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்த பின்பே பூக்க வேண்டும் என்ற இயல்பு உண்டு. அந்த இயல்பை மிதமான அளவில் நம் நாட்டு வகைகளுக்குள் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட பயிரை ஐப்பசித் தொடக்கத்தில் விதைத்தாலும் அது அவசரப்படுவதில்லை. கிடைத்த கூடுதல் வாரங்களில் நன்றாகத் தூர் கட்டி, வேர் விட்டு, குளிர் வந்து போகும்வரை காத்திருந்து கதிர் வாங்குகிறது. டில்லிப் பூசா நிறுவனம் 2016இல் வெளியிட்ட எச்.டி.சி.எஸ்.டபிள்யூ. 18 இவ்வகையில் முன்னோடி. அதன் பின்னர் வந்த எச்.டி. 3385 என்னும் வகையை அக்டோபர் 20 வாக்கில் விதைத்தால், மார்ச் மாத வெயில் உச்சம் ஏறுமுன் மணியில் பால் நிறைந்துவிடுகிறது. மாதக் கடைசியில் அரிவாளுக்குத் தயாராகிறது.